முதுமைத் தளர்ச்சியைத் தடுக்க ஊர்க்கூட்டம்: நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

வயதானவர்களுக்காக ஊரில் ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும், மகளிர் குழுவோ கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ முதலில் ஏற்பாடு செய்வது ஒருநாள் மருத்துவ முகாமாகத்தான் இருக்கிறது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கண்புரையையும் கண்டுபிடிக்க முகாம் உதவும். ஆனால் எழுபது வயதில் நாற்காலியிலிருந்து எழக் கையூன்றுகிற ஒருவர் எழுபத்தைந்தில் கட்டிலோடு முடங்கிவிடாமல் காக்க ஒருநாள் முகாமால் ஆகாது. அதற்கு வேண்டியது வாரம் இருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் விடாமல் நடக்கும் ஒரு கூட்டம். அப்படி ஒன்றை நம் ஊர்களில் எவ்வாறு தொடங்கி நடத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதுமைத் தளர்ச்சியை மருத்துவர்கள் தனியொரு நிலையாகவே பார்க்கிறார்கள். உடலின் இருப்பு வலு குறைந்து, சாதாரணக் காய்ச்சலோ, இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ, சிறிய சறுக்கலோகூட ஆளைப் பழைய நிலைக்குத் திரும்பவிடாமல் செய்துவிடுவது அதன் இயல்பு. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் 2001-இல் இதற்கு ஐந்து அடையாளங்களை வரையறுத்தார்கள்: தானாக முயலாமலே ஓராண்டில் 4.5 கிலோ அளவுக்கு எடை குறைவது, எந்நேரமும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, அன்றாட உடல் உழைப்பு சுருங்கிப்போவது. இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. இந்த முந்தைய நிலையில் இருப்பவர்களை மீட்பது எளிது என்பதால், நம் கூட்டத்துக்கு முதலில் அழைக்க வேண்டியவர்களும் அவர்கள்தாம். முற்றிலும் தளர்ந்துவிட்டவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 1990-இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தசைக்கு வயது வரம்பு கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துக் கிராமங்களில் இந்த விகிதம் கண்ணுக்கே தெரியும். பகல் பதினொரு மணிக்குத் தெருவில் நடந்தால் திண்ணைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆச்சிகளும் தாத்தாக்களும்தான்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

கூட்டத்துக்குத் தாமாக வருபவர்கள் பெரும்பாலும் நன்றாக நடமாடுகிறவர்கள். வராதவர்களுக்குத்தான் கூட்டம் அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே அறிவிப்புப் பலகையையும் கோயில் மைக்கையும் மட்டும் நம்பாமல், வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் முதலில் பேசுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின்கீழ் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் அவர்கள். எந்த வீட்டில் யார் வெளியே வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கடந்த ஒரு மாதமாக எந்நேரமும் அசதியாக இருக்கிறதா? ஒரு மாடிப் படிக்கட்டு ஏற முடிகிறதா? ரேஷன் கடை வரை துணையின்றி நடந்து வர முடிகிறதா? ரவிக்கையோ சட்டையோ முன்பைவிடத் தொளதொளவென்று ஆகிவிட்டதா? ஓராண்டுக்குள் கீழே விழுந்தது உண்டா? ஈரத் துணியைப் பிழியவும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் முடிகிறதா என்பதையும் கேட்கலாம். அது முறையான அளவீடு ஆகாது; ஆனால் கைவலுவைப் பற்றி ஒரு குறிப்புக் கொடுக்கும். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வரும்போதெல்லாம், எப்போதிலிருந்து அப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன கோடைக்கொடைத் திருவிழாவுக்குக் கோயில் வரை நடந்தவர் இந்தக் கொடைக்கு ஆட்டோ கேட்கிறார் என்றால், அந்த ஓராண்டில் ஏதோ நடந்திருக்கிறது.

சிலரை நேரே பயிற்சிக்கு அழைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் காரணமின்றி எடை வேகமாகக் குறைந்தவர், நாள்பட்ட இருமலோ மாலைக் காய்ச்சலோ உள்ளவர், நடந்தால் நெஞ்சு அழுத்தும் என்பவர், அண்மையில் எலும்பு முறிந்தவர், திடீரென்று ஓர்மை குழம்பியவர் ஆகியோரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். எடை குறைவதற்குப் பின்னால் காசநோயோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ, புற்றுநோயோ இருக்கலாம். அதைப் பயிற்சியாலும் சத்துணவாலும் சரிசெய்யப் பார்ப்பது ஆபத்து.

இடமும் நேரமும் அளவெடுப்பும்

இடம் சமுதாய நலக்கூடமாகவோ, பள்ளி வராந்தாவாகவோ, கோயில் மண்டபமாகவோ, தேவாலய வளாகமாகவோ இருக்கலாம். எல்லாச் சாதியினரும் தயக்கமின்றி நுழையக்கூடிய இடமா என்பதை முதலில் யோசியுங்கள். இதைப் பேசாமல் விட்டுவிட்டால், கூட்டம் ஒரு தெருவுக்குரியதாகச் சுருங்கிவிடும். மேலப்பாளையம் போன்ற இடங்களில் பெண்களுக்கெனத் தனி நேரம் வைத்தால் வருகை கூடும். தரை வழுக்கக் கூடாது, கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ வைப்பதே நல்லது. அக்கினி நட்சத்திரத்தில் பத்து மணிக் கூட்டம் கிறக்கத்தைத்தான் வரவழைக்கும்.

முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டு மூன்று அளவுகளைக் குறியுங்கள். எடை ஒன்று. இரண்டாவது நடை: தரையில் சுண்ணாம்பால் நான்கு மீட்டர் கோடு போட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மீட்டர் இடம் விட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். நான்கு மீட்டரைக் கடக்க ஐந்து நொடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள். மூன்றாவது, நாற்காலியிலிருந்து கைகளைப் பயன்படுத்தாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவது. உலக சுகாதார நிறுவனம் முதியோர் பராமரிப்புக்கு வகுத்துள்ள வழிமுறையில் இதற்கு 14 நொடி வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் முடிக்க முடியாதவர் அல்லது கையூன்றாமல் எழவே முடியாதவர் யார் என்பதை அட்டையில் தனியாகக் குறித்துவிடுங்கள். யாருடைய அளவையும் மற்றவர் முன்னால் உரக்கப் படிக்க வேண்டாம்.

பயிற்சி

இதுவே கூட்டத்தின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நடைப்பயிற்சி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நல்லதுதான், ஆனால் தசையின் வலுவைத் திரும்பப் பெறவும், விழாமல் தாங்கிக்கொள்ளவும் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கூட்டத்தில் இரண்டு நாள், வீட்டில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும்.

நாற்காலியிலிருந்து எழுவதுதான் முதன்மையான பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நழுவும் என்பதால், அதைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முக்கூடல் பக்கத்தில் நாற்பது ஆண்டு சுளகை மடியில் வைத்துச் சம்மணமிட்டுப் பீடி சுற்றிய ஓர் ஆச்சியை எண்ணிப் பாருங்கள். அவருடைய விரல்கள் இன்றும் மின்னலாக ஓடும், ஆனால் தொடையில் வலு இருக்காது. எழச் சொன்னால் முன்னும் பின்னும் இருமுறை ஆடி, முழங்காலில் உள்ளங்கையை அழுத்தி, "எம்மா" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவார். அவரிடம் முதலில் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பளவு அகலத்தில் வைக்கச் சொல்லுங்கள். மார்பு முன்னால் சாய்ந்து, மூக்கு கால் பெருவிரலுக்கு நேராக வந்த பிறகு எழ வேண்டும். எழும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மூச்சைப் பிடிக்க மாட்டார். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணுவதற்குள் மெல்ல இறங்க வேண்டும். வலு கூடுவதில் இந்த இறக்கத்துக்கும் நல்ல பங்கு உண்டு. கையூன்றாமல் முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு தடித்த தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கும் இதுவே வழி. ஐந்து முறையில் தொடங்கி, சில வாரங்களில் பத்து முறையாக்கி, இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு விட்டு இரண்டு சுற்று என்று உயர்த்தலாம். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும்; சிரமமே இல்லாத பயிற்சியால் தசை வளராது.

சமநிலைக்குச் சுவரோரம் நின்றபடி, முதலில் பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒரு பாதத்தை அரையளவு முன்வைத்து, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வைத்துப் பத்துப் பத்து நொடி நிற்கலாம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பதும், ஒரு படி ஏறி இறங்குவதும் இதோடு சேரும். கைகளுக்கு அரைலிட்டர் தண்ணீர்ப் பாட்டிலே போதுமான எடை. ஜப்பானின் கோச்சி நகரத்தில் 2002 முதல் முதியோர் கையிலும் காலிலும் சிறு எடைப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு இத்தகைய பயிற்சியைச் செய்துவருகிறார்கள். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டும் வகையில் அந்தப் பட்டைகள் அமைந்திருக்கின்றன. கூட்டங்களை அங்கே பெரும்பாலும் முதியவர்களே நடத்திக்கொள்கிறார்கள் என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. நம் ஊரில் மணலைத் துணிப்பையில் அரைக்கிலோவாகத் தைத்துக் கணுக்காலில் கட்டினால் அதே வேலை நடக்கும்.

முதல் சில வாரங்களுக்கு இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து ஒவ்வொருவரையும் பார்த்துவிடுவது மிகவும் அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்ய வாய்ப்புண்டு. அன்றன்று இரத்த அழுத்தம் பார்த்து, மேல் எண் 180-க்கு மேலோ கீழ் எண் 110-க்கு மேலோ இருப்பவரைப் பயிற்சியில் சேர்க்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. உட்கார்ந்து எழுந்ததும் கண்ணைக் கட்டுகிறது என்று யாராவது சொன்னால், அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடங்களில் வாங்கிய மாத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்வதே பல விழுகைகளுக்குக் காரணமாகிறது. தூக்க மாத்திரையும் அதில் ஒன்று.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

வலுவூட்டும் பயிற்சி பலன் தர வேண்டுமானால் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று வல்லுநர்கள் கூறுகிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள ஆச்சிக்கு ஐம்பது, அறுபது கிராம். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, இராத்திரி ஒரு டம்ளர் பால் என்று இருப்பவருக்கு இருபது கிராமைத் தாண்டுவதே கடினம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

புரதப் பொடி டப்பா வாங்க வேண்டிய தேவை எதுவுமில்லை. நம் சமையலிலேயே வழி இருக்கிறது. உளுந்தில் நூறு கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம் உண்டு. தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்தை அரிசியோடும் தேங்காய்த் துருவலோடும் பூண்டோடும் வெந்தயத்தோடும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையலும் சேர்ந்தால், பல் இல்லாதவர்களும் சாப்பிடக்கூடிய வலுவான உணவு அது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினால் இன்னும் நல்லது. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களியை நாம் வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டிக் கொடுக்கிறோம். அதே வீட்டு ஆச்சிக்கும் அது தேவைப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் இனிப்புதான் என்பதால், களியை விட்டு உளுந்தஞ்சோற்றையே கொடுக்கலாம், அதையும் அளவோடு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏறத்தாழ 7 கிராம். கடிக்க முடியாதவருக்குக் கடலையைத் துவையலாக அரைக்கலாம். ரேஷன் கடையில் கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பைத் தனியாக இருக்கும் முதியவர்கள் வாங்காமல் விடுகிறார்களா, வாங்கி மகள் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்களா என்று விசாரியுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு கிண்ணம் சுண்டலோ பயறோ கொடுப்பது வருகையையும் கூட்டும்.

வீட்டாரிடம் பேச வேண்டியது

வீட்டாரின் துணை இல்லாமல் வாரம் இரண்டு மணி நேரக் கூட்டத்தால் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. "நீங்க சும்மா இருங்க ஆச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று மருமகள் சொல்வது மரியாதையாலும் பாசத்தாலும்தான். ஆனால் முருங்கைக்கீரை ஆய்வதும், முற்றம் தெளிப்பதும், கடைக்குப் போய் வருவதும் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும்போது, அவற்றோடு காலின் வலுவும் போகிறது. பெரியவருக்கு ஆபத்தில்லாத இரண்டு வேலைகளை அவருடைய பொறுப்பாகவே விட்டுவைக்கும்படி ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் படுக்கையிலேயே கிடக்கவிடுவதும் அப்படித்தான். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் தொடர்ந்து படுத்திருந்தால் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிடுகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. காய்ச்சல் தணிந்ததும் கட்டிலில் எழுந்து உட்காரவைத்து, மறுநாள் கைப்பிடித்துப் பட்டாசால் (வீட்டுக் கூடம்) வரை நடக்கவைத்து, அதற்கு அடுத்த நாள் வாசல் வரை கூட்டிவர வேண்டும்.

வீட்டுக்குள் விழக்கூடிய இடங்களையும் தன்னார்வலர் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கணத்துப் பாசி, உயர்ந்த வாசற்படி, புறவாசலில் இருக்கும் கழிப்பறைக்குப் போகும் இருட்டுப் பாதை, அடி தேய்ந்த ரப்பர் செருப்பு ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். ஒரு விளக்கும், சுவரில் பதித்த ஒரு கைப்பிடிக் கம்பியும் பெரிய செலவில்லை. தாமிரபரணிப் படித்துறையில் குளிக்கும் பழக்கம் உள்ளவர்களைத் தடுக்க வேண்டாம். துணையோடு போகச் சொல்லுங்கள். கண்ணையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துவிட வேண்டும். புரை முற்றிய கண்ணோடு சமநிலைப் பயிற்சி செய்து பயனில்லை.

தொடர்ந்து நடத்துவது

பதினைந்து பேருக்கு இரண்டு தன்னார்வலர்களாவது வேண்டும். ஒருவர் முன்னால் நின்று சொல்ல, மற்றவர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் வருவது அரிது, வந்தாலும் ஓரமாக நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் பொறுப்புக் கொடுத்தால் தொடர்ந்து வருகிறார்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வருகைப் பதிவேடு, இன்னொருவருக்கு நேரம் பார்க்கும் வேலை, வயலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு வாய்க்கால் கரையில் மற்றவர்களை அழைத்துக்கொண்டு நடக்கும் வேலை. இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவரின் வீட்டுக்கு அதே வாரத்தில் யாராவது போய்வர வேண்டும். தொலைபேசியில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். தனிமையும் மனச்சோர்வும் உடலைத் தளரவைக்கும் காரணங்களே என்பதால், அந்த வருகையையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள். வீட்டில் உணவு மறுக்கப்படுவதாகவோ அடிப்பதாகவோ தெரியவந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே மூன்று அளவுகளையும் மீண்டும் எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதி, அவரவரிடம் தனியே காட்டுங்கள். எண் முன்னேறாதவர்கள் இருந்தால், வருகை குறைவா, உணவு போதவில்லையா, வேறு நோய் உள்ளதா என்று அந்த வரிசையில் விசாரித்து, விடை கிடைக்காதவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பிசான நெல் நடவும் சேர்ந்து வருவதால் கூட்டம் கலையும். புரட்டாசியிலேயே தெருவுக்கு மூன்று நான்கு பேராகப் பிரித்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் நாற்காலிப் பயிற்சியை மட்டும் தொடரும்படி ஏற்பாடு செய்துவிட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததால், தனியாக இருப்பவர்களின் பெயரும் மாத்திரை விவரமும் எழுதிய பட்டியலின் ஒரு படியை மழைக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்திலும் சுகாதார செவிலியரிடமும் கொடுத்துவையுங்கள். பொங்கல் கழிந்த முதல் வாரத்தில் எல்லோரையும் மறுபடி ஒன்றாக அழைத்து, எடையிலிருந்து தொடங்கி அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.